கலனில் வாயு சேர்கிறது, ஆனால் அடுப்பில் எரியவில்லை: உணவுக்கழிவுக் கலன் புளித்துவிட்டதா?

மெஸ்_சமையல் (ராசிபுரம்), ஆகஸ்ட் 11, காலை

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் ராசிபுரத்தில் கல்லூரி மாணவர்களுக்கான மெஸ் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். மிஞ்சும் சோறு, குழம்பு, காய்கறித் தோல், இலையில் ஒதுக்கப்படும் உணவு ஆகியவற்றை முன்பு பன்றி வளர்ப்பவர் ஒருவர் தினமும் வந்து எடுத்துச் செல்வார். அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டதால், கழிவை என்ன செய்வது என்று யோசித்து, கடந்த டிசம்பரில், கழிவைப் புளிக்க வைத்து அடுப்புக்கு வாயு எடுக்கும் 6 கன மீட்டர் கொள்ளளவுள்ள எரிவாயுக் கலன் ஒன்றைக் கொல்லைப்புறத்தில் அமைத்தோம். தொட்டிக்கு மேல் ஃபைபர் மூடி மிதக்கும் வகையிலானது.

தொடக்கத்தில் ஒரு டிரெய்லர் மாட்டுச் சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். மூன்று வாரம் கழித்து முதன்முதலாக நீல நிறத்தில் தீ எரிந்தது. அதன்பின் தினமும் சுமார் 40 கிலோ கழிவை அரைத்து, அதே அளவு தண்ணீரோடு ஊற்றி வந்தோம். பெரிய அடுப்பு ஒன்று நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வரை எரிந்தது. நான்கு நாட்களில் தீர்ந்துவிடும் 19 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய ஆறு நாட்கள் வந்தது. எங்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஜூலை மூன்றாம் வாரத்தில் கல்லூரி திறந்தபின் சாப்பிட வருபவர்கள் இரு மடங்கானார்கள், கழிவும் 80, 85 கிலோ என்று உயர்ந்தது. எல்லாவற்றையும் கலனிலேயே போட்டோம். கூடுதல் கழிவு போட்டால் கூடுதல் வாயு கிடைக்கும் என்றே நினைத்தோம். முதல் ஒரு வாரம் மூடி மிக உயரமாக எழும்பியது. பிறகு தீ மஞ்சளாகி, பர்னரை விட்டு எழும்பி அணையத் தொடங்கியது. கடந்த ஐந்து நாட்களாகத் தீக்குச்சியைக் காட்டினாலும் பற்றவில்லை. ஆனால் மூடி இப்போதும் எழும்பத்தான் செய்கிறது. கலனிலிருந்து வெளியேறும் கழிவுக் குழம்பில் புளித்த மாவு போன்ற வாடை வீசுகிறது. அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்டதற்கு, பாக்டீரியா தூள் வாங்கிப் போடுங்கள் என்கிறார். விலை அதிகமாக இருக்கிறது. இதை வாங்கிப் போடலாமா, அல்லது தொட்டியை முழுவதும் காலி செய்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய_பொறியாளர், ஆகஸ்ட் 11, இரவு

வணக்கம் சகோதரி. விடுதிகளிலும் பள்ளிகளிலும் இத்தகைய கலன்களைப் பல ஆண்டுகள் பராமரித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் விவரித்திருக்கும் அறிகுறிகள் அனைத்தும் ஒன்றையே காட்டுகின்றன: கலன் புளித்துவிட்டது. தூள் வாங்க வேண்டாம், தொட்டியையும் காலி செய்ய வேண்டாம். நான்கைந்து வாரப் பொறுமை இருந்தால் சரியாகிவிடும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் அடுத்த முறை யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. கலனுக்குள் இரண்டு வகை நுண்ணுயிர்க் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. முதல் கூட்டம் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைத்து அசிட்டிக் முதலான அமிலங்களாக மாற்றுகிறது. இரண்டாம் கூட்டம் அந்த அமிலங்களை உண்டு, அடுப்பில் எரியும் வாயுவான மீத்தேனை வெளியிடுகிறது. முதல் கூட்டம் சில மணி நேரத்திலேயே இரு மடங்காகப் பெருகக்கூடியது, இரண்டாவதற்கோ அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். சாதாரண நாட்களில் முன்னது உண்டாக்கும் அமிலத்தைப் பின்னது அன்றன்றே தின்று தீர்த்துவிடுவதால், குழம்பின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 7-ஐ ஒட்டியே நிற்கும். திடீரென்று இரு மடங்கு உணவு வந்தவுடன் அமிலக் கூட்டம் அதற்கேற்பப் பெருகிவிட்டது, மீத்தேன் கூட்டத்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. தேங்கிய அமிலம் பி.எச். அளவைக் கீழே இழுக்கிறது, 6.5-க்குக் கீழே போனால் மீத்தேன் நுண்ணுயிரிகள் மேலும் தளர்ந்துபோகின்றன. அப்போது மூடியை எழுப்புவது பெரும்பாலும் கரியமில வாயுவே. நன்றாக இயங்கும் கலனின் வாயுவில் 55 முதல் 65 விழுக்காடு மீத்தேன் இருக்கும். அது பாதிக்கும் கீழே குறைந்தால் தீ நிலைக்காது. மூடி எழுகிறது, அடுப்பு எரியவில்லை என்ற உங்கள் புதிருக்கு விடை இதுதான்.

உங்கள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 85 கிலோ கழிவும் 85 லிட்டர் நீரும் சேர்ந்தால் நாளுக்கு 170 லிட்டர். 6,000 லிட்டர் தொட்டியில் அது சராசரியாக 35 நாட்கள் தங்கும். நம் ஊர் வெப்பத்துக்கு இது போதுமான நாட்கள்தானே என்று தோன்றும். கலன் அமைத்துத் தருபவர்களில் பலரும் இந்த ஓர் எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் தங்கும் நாளைக் காட்டிலும் முக்கியமானது, ஒவ்வொரு கன மீட்டரின் மீதும் தினம் ஏற்றும் செரிக்கத்தக்க பொருளின் எடை. உணவுக் கழிவில் நீர் போக மிஞ்சுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதில் பத்தில் ஒன்பது பங்கு செரிக்கத்தக்கது. ஆகவே 40 கிலோ போட்டபோது ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோ ஏறியது. கலக்கும் எந்திரம் இல்லாத சிறு கலனுக்கு அது சரியான சுமை. 85 கிலோ போட்டபோது அது 2.5 கிலோவைத் தாண்டிவிட்டது. மாட்டுச் சாணத்தில் இந்தச் சிக்கல் எளிதில் வராது, ஏனெனில் மாட்டின் வயிற்றிலேயே எளிதாகச் செரிக்கக்கூடியவை கரைந்து போய், நார்தான் மிச்சமாகி நமக்கு வருகிறது. அது மெதுவாகவே அமிலமாகும். சோறு அப்படியல்ல, ஒரே இரவில் புளித்துவிடும்.

உடனே செய்ய வேண்டியது, ஊற்றுவதை முழுவதுமாக நிறுத்துவது. மருந்துக் கடையிலோ ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையிலோ பி.எச். தாள் வாங்கிக் குழம்பின் அளவைச் சோதித்து இங்கே எழுதுங்கள். கழிவில் வேறு என்னென்ன சேர்க்கிறீர்கள், குறிப்பாகத் தண்ணீருக்குப் பதிலாக வேறு ஏதாவது ஊற்றுகிறீர்களா, பாத்திரம் கழுவிய நீர் கலனுக்குப் போகிறதா என்பதையும் சொல்லுங்கள். உங்களுடையது மிதக்கும் மூடிக் கலனாக இருப்பது ஒரு வசதி. 1950களின் தொடக்கத்தில் ஜஷ்பாய் படேல் உருவாக்கி, பிறகு காதி கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பிய வடிவத்தின் வழிவந்தது அது. எவ்வளவு வாயு இருக்கிறதென்று மூடியின் உயரமே காட்டிவிடும். 1984-இல் வந்த தீனபந்து போன்ற மண்ணுக்குள் புதைந்த குவிமாடக் கலன்களில் இப்படிக் கண்ணால் பார்த்து அறிய முடியாது.

ஆத்தூர்_ஜவ்வரிசி, ஆகஸ்ட் 12, காலை

பொறியாளர் ஐயா சொன்னதை எங்கள் தொழிலிலிருந்து உறுதிப்படுத்த விரும்புகிறேன். சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கும் ஆலைகள் எத்தனை இருக்கின்றன என்று ராசிபுரத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிழங்கு அரைத்துப் பால் எடுத்தபின் வெளியேறும் கழிவுநீரில் மாவுச்சத்து மிகுதி. அது சில மணி நேரத்தில் புளித்து, பி.எச். 5-க்கும் கீழே இறங்கிவிடும். முன்பு ஆலைகளைச் சுற்றி வீசிய அந்த நாற்றத்தை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே கழிவுநீரைக் காற்றுப் புகாத பெரிய தொட்டிகளில் விட்டு, வரும் வாயுவை ஆலைகளிலேயே எரிபொருளாகப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு நாற்றமும் குறைந்தது, எரிபொருள் செலவும் குறைந்தது.

நான் வேலை பார்க்கும் ஆலையில் தொட்டியைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. கிழங்குப் பருவம் தொடங்கும்போது முதல் இரண்டு வாரம் எங்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று முதலாளியிடமே சொல்லிவிடுவேன். பல மாதம் சும்மா கிடந்த தொட்டிக்கு முதல் நாளே முழுக் கழிவுநீரையும் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பருவத்தில் பட்டுத் தெரிந்துகொண்டோம். கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் வாயு எரிகிறதா, பி.எச். நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். கல்லூரி திறக்கும் நாள் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும் அல்லவா? அதற்கு மூன்று வாரம் முன்னதாகவே அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தத் தொடங்கியிருந்தால், கலனின் எல்லை வரையிலாவது சிக்கலில்லாமல் போயிருக்கலாம்.

இன்னொன்று: மரவள்ளிக் கிழங்கின் தோலை மட்டும் கலனில் போடாதீர்கள். அதிலுள்ள சயனைடு சேர்மங்கள் மீத்தேன் நுண்ணுயிரிகளுக்கு ஆகாது. அதை உரக்குழியில் போட்டுவிடுவது நல்லது.

மெஸ்_சமையல் (ராசிபுரம்), ஆகஸ்ட் 13, மாலை

இருவருக்கும் மிக்க நன்றி. ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். பி.எச். தாளில் 5.5 என்று காட்டுகிறது. பொறியாளர் ஐயா கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை, கல்லூரி திறந்ததிலிருந்து தண்ணீருக்குப் பதிலாக வடிகஞ்சியைத்தான் ஊற்றி வந்தோம். அதுவும் வடித்த சூட்டோடு. சாக்கடையில் கொட்டுவதைவிடக் கலனுக்குப் போனால் வாயுவாகத் திரும்பும் என்பதுதான் எங்கள் எண்ணம். பாத்திரம் கழுவிய நீர் போவதில்லை. ஆனால் கழிவு அரைக்கும் இடத்தை வேலை செய்யும் அம்மா தினமும் ஃபினாயில் போட்டுக் கழுவி, அந்த நீரைக் கலனின் வாயிலேயே தள்ளிவிடுகிறார் என்பதை இன்றுதான் கவனித்தேன். வாழை இலையை நாங்கள் போடுவதில்லை, ஆனால் முருங்கைக்காய்ச் சக்கையும் எலும்பும் முட்டை ஓடும் சில சமயம் சேர்ந்துவிடுகின்றன.

இன்னொரு கேள்வி. அமைத்துக் கொடுத்தவர், கலனைப் பெரிதாக்கி, சிறிய ஜெனரேட்டர் ஒன்றை இணைத்துக்கொண்டால் மின்சாரச் செலவே இருக்காது என்கிறார். வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறார். இது எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துமா?

பழைய_பொறியாளர், ஆகஸ்ட் 14, காலை

சகோதரி, 85 லிட்டர் வடிகஞ்சி என்பது தண்ணீர்க் கணக்கில் வராது, உணவுக் கணக்கில்தான் வரும். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்தையும் சேர்த்தால் கலனின் சுமை நான் முன்பு சொன்னதைவிடக் கூடி, கன மீட்டருக்கு 3 கிலோவை நெருங்கியிருக்கும். அதற்கும் மேலே கொதிக்கும் கஞ்சி நுழைவாயிலருகே இருந்த நுண்ணுயிரிகளை அவித்திருக்கும், ஃபினாயில் இன்னும் சிலவற்றைக் கொன்றிருக்கும். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக வந்திருந்தால் கலன் தாங்கியிருக்கலாம். மூன்றும் ஒரே மாதத்தில் வந்துவிட்டன. கஞ்சியை ஆற வைத்து மாடு வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள். நம் ஊரில் கஞ்சித் தண்ணீரை வேண்டாமென்று சொல்லும் மாட்டுக்காரர் இருக்க மாட்டார். பதிலுக்குச் சாணம் கேளுங்கள், அது இப்போது உங்களுக்கு வேண்டும்.

சீர்செய்யும் முறை இதுதான். முதலில் கலனிலிருந்து கால் பங்குக் குழம்பை, அதாவது 1,500 லிட்டரை, மோட்டார் வைத்து வெளியே எடுங்கள். அந்த இடத்தில், நன்றாக இயங்கும் சாண எரிவாயுக் கலன் ஒன்றிலிருந்து வெளியேறும் குழம்பை ஊற்றுங்கள். அதில் உயிருள்ள மீத்தேன் நுண்ணுயிரிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. கடையில் விற்கும் தூளைக் காட்டிலும் அது பல மடங்கு நம்பத்தக்கது, பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். அப்படிப்பட்ட கலன் அருகில் இல்லாவிட்டால் அன்றன்று போட்ட பசுஞ்சாணத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றலாம். சற்றுத் தாமதமாகும், ஆனால் வேலை செய்யும். அடுத்து, சமையல் சோடாவை நாளுக்கு 2 கிலோ வீதம் மூன்று நாட்கள் வெந்நீரல்லாத நீரில் கரைத்து ஊற்றுங்கள். சிலர் சுண்ணாம்பைச் சொல்வார்கள். சுண்ணாம்பு கரியமில வாயுவோடு சேர்ந்து கல்போல் அடியில் படியும், அளவு கூடினால் பி.எச். அளவை ஒரேயடியாக உயர்த்திவிடும் என்பதால் சிறு கலனுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இரண்டு நாளுக்கொரு முறை பி.எச். பாருங்கள். எரியாத வாயுவை மூடியில் தேக்கி வைக்காமல், திறந்த வெளியில், அருகில் நெருப்பு எதுவும் இல்லாத நேரத்தில் வெளியேற்றிவிடுங்கள்.

பி.எச். 6.8-ஐத் தாண்டி, அடுப்பில் தீ நிலையாக எரிந்த பிறகு நாளுக்கு 10 கிலோவில் தொடங்குங்கள். நான்கைந்து நாளுக்கொரு முறை 5 கிலோ கூட்டலாம். 40 கிலோ வந்ததும் நிறுத்திவிடுங்கள். இந்தத் தொட்டியின் எல்லை அதுதான். மிஞ்சும் 45 கிலோவுக்கு உரக்குழியோ இரண்டாவது தொட்டியோ வேண்டும். எலும்பு, முட்டை ஓடு, முருங்கைச் சக்கை, எலுமிச்சைத் தோல் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே பிரித்துவிட வேண்டும். அவை செரிக்காமல் அடியில் சேரும், அல்லது மேலே ஆடையாக மிதந்து வாயு வருவதைத் தடுக்கும். எண்ணெய்ப் படிவும் அப்படித்தான். அப்பளம் பொரித்த எண்ணெயை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

இனி ஜெனரேட்டர் பற்றி. தயவுசெய்து கடன் வாங்க வேண்டாம். ஒரு கிலோ உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ 80 முதல் 100 லிட்டர் வாயு கிடைக்கும். 40 கிலோ என்றால் 3 முதல் 4 கன மீட்டர். ஒரு கன மீட்டர் வாயு அடுப்பில் எரியும்போது சுமார் 430 கிராம் சமையல் எரிவாயுவுக்கு ஈடாகும், ஆகவே 4 கன மீட்டர் என்பது 1.7 கிலோ சிலிண்டர் வாயு. நீங்கள் எழுதியிருந்த சேமிப்போடு இது ஒத்துப்போகிறது. அதே 4 கன மீட்டரைச் சிறிய எஞ்சினில் விட்டால், அதன் ஆற்றலில் கால் பங்கு கூட மின்சாரமாகாது, நாளுக்கு 6 யூனிட் கிடைப்பதே அரிது. மீதி எல்லாம் சூடாகப் புகைக்குழாயில் போய்விடும். போதாக்குறைக்கு, வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு எஞ்சினின் உள் பாகங்களை அரித்துவிடும். துருப்பிடித்த இரும்புச் சுருள் நிரப்பிய குழாய் வழியே வாயுவைச் செலுத்தி அதை நீக்க வேண்டும், அந்தச் சுருளையும் மாதாமாதம் கவனிக்க வேண்டும். நாள் முழுதும் நெருப்பு தேவைப்படும் சமையலறை வைத்திருக்கும் நீங்கள், நெருப்பை மின்சாரமாக்கி, முக்கால் பங்கை இழப்பதில் பொருளில்லை.

பெரிய அளவில் கதை வேறு. இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஆலை தினம் 550 டன் ஈரக்கழிவை எடுத்துக்கொண்டு 17,000 கிலோ வாகன எரிவாயு தயாரிக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. அங்கே கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, மீத்தேனை அழுத்தி உருளையில் நிரப்பும் அளவுக்கு முதலீடு செய்ய முடிகிறது. ஆனால் அந்த ஆலை நிற்பது எந்திரத்தால் மட்டும் அல்ல, வீட்டு வாசலிலேயே ஈரக்கழிவையும் உலர் கழிவையும் தனித்தனியாகக் கொடுக்க அந்த நகரத்து மக்கள் பழகியிருப்பதால்தான். உங்கள் முருங்கைச் சக்கையும் முட்டை ஓடும் அங்கேயும் அதே தொல்லையைத்தான் கொடுக்கும்.

கோபி_தோட்டம், ஆகஸ்ட் 15, காலை

அம்மா, நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் வாழையும் மஞ்சளும் பயிரிடுகிறோம். வீட்டில் ஆறு மாடுகள், 2 கன மீட்டர் சாணக் கலன், பதினெட்டு ஆண்டுகளாக ஓடுகிறது. ஐயா சொன்ன சீர்செய்யும் முறையில் இரண்டு இடங்களில் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, வெளியே எடுக்கும் 1,500 லிட்டர் புளித்த குழம்பு. அதை நேராகச் செடிக்கு விட்டுவிடாதீர்கள். நன்கு செரித்த குழம்பு பயிருக்கு மிக நல்லது, ஏனென்றால் சாணத்திலிருந்த தழைச்சத்து அதில் அப்படியே இருக்கிறது, அதில் ஒரு பகுதி பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாறியும் இருக்கிறது. ஆனால் பி.எச். 5.5 உள்ள அமிலக் குழம்பு வேரைச் சுட்டுவிடும். காய்ந்த இலை, தேங்காய் நார்க்கழிவு, மரத்தூள் ஏதாவது கிடைத்தால் குழியில் பரப்பி அதன் மேல் ஊற்றி, வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் நல்ல எருவாகிவிடும். மிஞ்சுகிற 45 கிலோ கழிவுக்கும் அதே குழி பயன்படும். கலன் சரியான பிறகு வெளிவரும் குழம்பையும், உணவுக் கழிவிலிருந்து வருவதால் உப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதை நினைவில் வைத்து, பாசன நீரில் நன்றாகக் கலந்தே விடுங்கள். வெயிலில் காய வைத்தால் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும் என்பதால் நாங்கள் எப்போதும் ஈரமாகவே வாய்க்காலில் கலந்துவிடுகிறோம். உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டில் அடுப்பெரிய வாயு கிடைப்பது ஓர் உபரி, கலனை இத்தனை ஆண்டு விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வாழைத் தோட்டத்துக்குப் போகும் அந்தக் குழம்புதான்.

இரண்டாவதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். குழம்பை எடுக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். மூடியைத் தூக்கி அடியிலுள்ள வண்டலை வாருவதற்கு ஆள் இறங்கட்டுமா என்று வேலைக்கு வருபவர்களே கேட்பார்கள். ஹைட்ரஜன் சல்பைடு சிறிய அளவில்தான் அழுகிய முட்டை வாடை வீசும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை இல்லை என்று நம்பி இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். கழிவுநீர்த் தொட்டிகளில் எத்தனை குடும்பங்கள் இப்படி அழிந்திருக்கின்றன. வண்டலை எடுக்கத்தான் வேண்டுமென்றால் வெளியிலிருந்தே மோட்டாரும் குழாயும் கொண்டு எடுங்கள். வாயு கசிகிறதா என்பதைச் சோப்பு நுரையால் மட்டும் சோதியுங்கள். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். கொல்லைப்புறத்தில் மாணவர்கள் யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஸ்_சமையல் (ராசிபுரம்), செப்டம்பர் 21, இரவு

இங்கே எழுதியவர்கள் அனைவருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்தில் பழைய சாண எரிவாயுக் கலன் ஓடுவதை அறிந்து, அவர்களிடம் கேட்டு, பிளாஸ்டிக் பேரல்களில் மூன்று நடையாக 1,500 லிட்டர் குழம்பைக் கொண்டுவந்து ஊற்றினோம். பணம் வாங்க மறுத்துவிட்டார்கள். இப்போது எங்கள் வடிகஞ்சி தினமும் அவர்கள் மாடுகளுக்குப் போகிறது. சமையல் சோடாவைச் சொன்ன அளவிலேயே போட்டோம். முதல் பத்து நாள் எந்த மாற்றமும் தெரியாததால் நம்பிக்கை தளர்ந்தது. என் கணவர் தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் பி.எச். 6.3, பதினெட்டாம் நாள் 6.7. ஆகஸ்ட் 14-ஆம் தேதியிலிருந்து இருபத்திரண்டாவது நாளில் தீ பற்றி, நீல நிறத்தில் நின்றது. அன்று அதற்கு மேல் எதையும் போட வேண்டாமென்று நான்தான் எல்லோரையும் தடுத்தேன்.

இப்போது தினம் 25 கிலோ போடுகிறோம். இன்று பி.எச். 7.1, அடுப்பு ஒரு மணி ஐம்பது நிமிடம் எரிந்தது. நுழைவாயிலருகே சுவரில் ஓர் அட்டை மாட்டி, தினமும் போடும் எடையையும் அடுப்பு எரிந்த நேரத்தையும் எழுதி வருகிறோம். அந்தப் பக்கம் ஃபினாயில் கொண்டு போவது அறவே நின்றுவிட்டது. மீதிக் கழிவுக்குக் கொல்லையில் இரண்டு குழிகள் வெட்டியிருக்கிறோம். ஜெனரேட்டர் யோசனையைக் கைவிட்டுவிட்டோம். கடைசியாக ஒரு சந்தேகம்: பருவத் தேர்வு முடிந்து டிசம்பரில் மூன்று வாரம் மெஸ்ஸை மூடிவிடுவோம். அப்போது கலனை என்ன செய்வது?

பழைய_பொறியாளர், செப்டம்பர் 22, காலை

படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது சகோதரி. மூன்று வாரம் பட்டினி கிடந்தால் கலனுக்கு ஒன்றும் ஆகாது; மீத்தேன் நுண்ணுயிரிகள் அதைவிட நெடுநாள் உணவின்றித் தாக்குப்பிடிக்கக் கூடியவை. முடிந்தால் வாரத்துக்கு இருமுறை ஒரு வாளிச் சாணக் கரைசல் ஊற்றச் சொல்லுங்கள், முடியாவிட்டாலும் கவலையில்லை. மூடுவதற்கு முன் வாயுவை எரித்துத் தீர்த்துவிட்டு, அடுப்பருகே உள்ள வால்வை அடைத்துவிடுங்கள். மார்கழிக் குளிரில் குழாயில் நீர் கோத்துத் தீயைத் தடுக்கும், ஆகவே திரும்பி வந்ததும் குழாயின் தாழ்வான இடத்தில் உள்ள வடிகாலைத் திறந்து நீரை வெளியேற்றுங்கள். அதன் பிறகு முதல் நாள் 10 கிலோ மட்டும்.